முழங்கால் உயரம்

புல்வெட்டியின் சத்தம் நின்ற பிறகுதான் அது எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்று அவளுக்கு உறைத்தது. அதுவரை, கறவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே, பக்கத்துத் தோட்டத்தில் யாரோ வேலியோரம் வெட்டுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். நாற்பதாவது மாட்டின் மடியிலிருந்து குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, தொழுவத்தின் பின்கதவைத் தள்ளித் திறந்தாள்.

சரிவின் அடியில் ஓடை பளபளத்தது.

மூன்று வருடங்களாக அந்தக் கதவிலிருந்து பார்த்தால் ஓடை தெரிந்ததே இல்லை.

மாமனார் மேலேறி வந்துகொண்டிருந்தார். புல்வெட்டி தோளில் சாய்ந்திருந்தது. காலை ஏழு மணிக்கே இஸ்திரி போட்ட சட்டை. சட்டை முழுக்கப் பச்சைத் தூள். விருந்தாளி வருவதற்குள் வீட்டைப் பெருக்கி முடித்தவரின் நிம்மதி முகத்தில் இருந்தது.

"முடிஞ்சுதும்மா. இப்ப வரச்சொல்லு அந்த ஆளை."

"மாமா, என்ன பண்ணிட்டீங்க?"

"பார்த்தா தெரியலையா? அதிகாரி வர்ற இடம் காடு மாதிரி கிடக்குது. நாலு பேரு பார்த்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அது காடு மாதிரிதான் கிடக்கணும்."

"எது?"

"அந்தப் புல்லு. அதைத்தான் அவரு இன்னிக்கு அளக்க வர்றாரு."

மாமனார் திரும்பி ஓடைக்கரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கேலி செய்கிறாளா என்ற சந்தேகம் கண்ணில் வந்து போனது. "புல்லு இருந்தாதானே குத்தம்னு எழுதுவாங்க. இல்லைன்னாலுமா எழுதுவாங்க?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று அவளால் அப்போது நினைக்க முடியவில்லை. வெகுநேரம் கழித்துத்தான், அதுவும் அரைமனதாக, நினைத்தாள். முப்பத்தைந்து வருடம் ரயில்பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவர் அவர். தினமும் ஏழு கிலோமீட்டர் தண்டவாளத்தோடு நடந்து, கல்லுக்கு நடுவே தலைகாட்டும் ஒவ்வொரு புல்லையும் பிடுங்குவதுதான் பிழைப்பு. மேலதிகாரி தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் ஏறி வரும் நாளில் பாதையில் ஒரு பச்சை தெரிந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஓய்வுபெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மகன் வீட்டோடு வந்துவிட்டார். அந்த வீடு மருமகளின் அப்பா விட்டுப்போன மாட்டுப் பண்ணையாக இருந்தது அவர் தலைவிதி. மாடு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. புல் பற்றி எல்லாம் தெரியும், எல்லாமே தலைகீழாக.

விஷயம் இதுதான். ஓடையை ஒட்டிய பண்ணைகளில் இருபத்தாறு மாடுகளுக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் ஓடைக்கரையில் பத்தடி அகலத்துக்கு நிலத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். வேலி போட்டு மாடு இறங்காமல் தடுக்க வேண்டும். எரு போடக் கூடாது, உழக் கூடாது, வெட்டக் கூடாது. புல் முழங்கால் உயரத்துக்கு நின்றால்தான் தொழுவத்திலிருந்து வழியும் சாணத் தண்ணீரை அது வடிகட்டி நிறுத்தும், ஓடை கெடாது என்பது கணக்கு. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. அவள் அதை 'விட்ட நிலம்' என்றுதான் சொல்வாள். மூன்று வருடம் விட்ட பிறகு அதிகாரி வந்து அளப்பார். தேறினால் நாற்பது மாடும் நிற்கும். தேறாவிட்டால் பதினாலு போக வேண்டும்.

அளக்கும் நாள் இன்று. பதினோரு மணிக்கு.

அந்த மூன்று வருடமும் மாமனார் சாயங்காலமானால் நாற்காலியை எடுத்துக்கொண்டு சரிவில் போய் உட்கார்ந்து, விட்ட நிலத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரனின் தாடியைப் பார்ப்பதுபோல. "நான் வேணா ஒரு கை பார்த்துடவா?" என்று வாரம் ஒருமுறை கேட்பார். "வேண்டாம் மாமா, விடுங்க" என்பாள் அவள், கையில் வாளியோடு, நடந்துகொண்டே. ஏன் வேண்டாம் என்று ஒருநாளும் நின்று சொன்னதில்லை. வயதான காலத்தில் தான் சிரமப்படக் கூடாது என்று மருமகள் தடுக்கிறாள் என்றே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாசத்துக்குப் பதிலாகத்தான் இன்று விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியிருக்கிறார்.

அவள் பால் அறைக்குள் போய்க் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் சாலையில்.

"ஏங்க, உங்கப்பா என்ன பண்ணியிருக்காரு தெரியுமா?"

"என்ன திடீர்னு உங்கப்பா? நேத்து வரைக்கும் மாமாவா இருந்தாரு."

"விட்ட நிலத்தை வெட்டிட்டாரு."

"எவ்வளவு?"

"முழுசா."

"ஓரமா எங்கயாவது கொஞ்சம் விட்டிருப்பாரு, நல்லாப் பாரு."

"மொட்டை அடிச்சிருக்காரு. சந்தனம் பூசறதுதான் பாக்கி."

"சரி, திட்டிடாத. வயசானவரு."

"வயசானவருக்கு எதுக்குப் புதுசா புல்வெட்டி வாங்கிக் குடுத்தீங்க?"

"பிறந்தநாளுக்கு என்ன வேணும்னு கேட்டேன். அவரு வேற எதையாவது கேட்டாரா?"

அவள் போனை வைத்தாள். எதிர்ச் சுவரில் மாடுகளின் பட்டியல் தொங்கியது. காது வில்லையின் எண்கள். சிலவற்றுக்குப் பக்கத்தில் அவள் வைத்த பட்டப்பெயர்கள்: மகாராணி, தாழ்ப்பாள் திறப்பாள், கோணக்கொம்பு, சும்மா கத்தி. பதினாலு என்பது காகிதத்தில் ஒரு எண். சுவரில் பார்த்தபோது அது பட்டியலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே வந்தது.

*

அதிகாரி சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். ஒல்லியானவர், சட்டைப் பையில் நாலு பேனா. கையில் மடக்கி நீட்டும் கோல் ஒன்று, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு. சுற்று வட்டாரப் பண்ணைகளில் அவரைக் குச்சிக்காரர் என்றால்தான் தெரியும்.

சரிவில் இறங்கியவர் வேலியருகில் நின்றுவிட்டார். "என்னம்மா இது?"

"வெட்டிட்டாங்க சார்."

"யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் மாமனார் ஓரடி முன்னால் வந்தார். "நான்தான் சார். காலையில நாலரைக்கு ஆரம்பிச்சேன். ஒரே மட்டத்துக்கு இருக்கும், வேணா அளந்து பாருங்க."

குச்சிக்காரர் அளந்தார். விதிப்படி பத்து இடத்தில் அளக்க வேண்டும், அளந்தார். ஒவ்வொரு இடத்திலும் குனிந்து, கோலை நட்டு, நிமிர்ந்து, படிவத்தில் எழுதினார். "நாலு விரல்." பத்தடி தள்ளிப் போய், "நாலு விரல்." இன்னும் பத்தடி. "நாலு விரல்." பின்னாலேயே கைகட்டி நடந்த மாமனார் ஒவ்வொரு நாலு விரலுக்கும் தலையை ஆட்டிக்கொண்டார். பரீட்சையில் மகன் வாங்கிய மதிப்பெண்ணை வாசிக்கக் கேட்கும் அப்பா மாதிரி.

"சார், இது தவறிப்போய் நடந்தது. வேர் அப்படியேதான் இருக்கு. மூணு வருஷம் மாடு ஒரு காலு உள்ள வைக்கல. போன வாரம் வந்திருந்தீங்கன்னா உங்க குச்சியே முங்கிப்போயிருக்கும்."

"போன வாரம் வரச்சொல்லி எனக்கு உத்தரவு இல்லையேம்மா."

"உங்க கண்ணு முன்னாடிதானே வெட்டின புல்லு கிடக்குது. அதைத் தூக்கி நிறுத்தி அளந்து பாருங்க."

"நிக்கற புல்லுதான் கணக்கு. படுத்த புல்லுக்குக் கட்டம் இல்ல." அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். உண்மையாகவே கட்டம் இல்லை. "நாற்பது நாள் தர்றேன். எனக்கு உள்ள அதிகாரம் அவ்வளவுதான். முழங்காலுக்கு வந்துடணும். வரலைன்னா பதினாலு மாட்டை நீங்க வேற இடம் பார்த்து அனுப்பணும்."

அவர் போன பிறகுதான் மாமனாருக்குப் பதினாலு என்ற எண் உள்ளே இறங்கியது. வெட்டிய புல்லுக்கு நடுவில் அசையாமல் நின்றார். அவள் ஒன்று சொன்னால் ஒன்பது வரும், எல்லாம் வந்தால் பிறகு ஒரே வீட்டில் இருக்க முடியாது. அவள் மேட்டைப் பார்த்து நடந்தாள்.

"ஏம்மா," என்றார் அவர் பின்னாலிருந்து.

"இப்ப ஒண்ணும் பேசாதீங்க மாமா."

"இல்ல, இந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு கேட்டேன்."

*

வெட்டிய புல்லுக்குக் குறுக்கே, மேட்டிலிருந்து ஓடைக்கு, ஒரு சின்ன வாய்க்கால் ஓடியது. ஒரு சாண் அகலம்தான் இருக்கும். அடியில் பழுப்புத் தண்ணீர் அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. காலையில் அவள் தொழுவத்தைக் கழுவிவிட்ட தண்ணீர்.

அவள் அதன் வழியே மேலே நடந்தாள். அது வேலிக்கு அடியில் புகுந்து, சரிவில் வளைந்து, தொழுவ முற்றத்தின் கிழக்கு மூலையில் போய் நின்றது. அங்கே கழிவுநீர்க் குழிக்குப் போகும் காரைக் கால்வாயின் சுவரில் ஒரு கை நுழையும் விரிசல்.

வேலி போடுவதற்கு முன்னால், அவள் அப்பா காலத்தில், மாடுகள் ஓடைக்கு இறங்கிய தடம் அது. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வழியில் வருடக்கணக்காக நடந்த குளம்புகள் மண்ணைக் குடைந்து வைத்திருந்தன. வேலி வந்ததும் மாடு நின்றது, புல் வளர்ந்தது, தடம் கண்ணுக்கு மறைந்தது. ஆனால் மண்ணில் அப்படியே இருந்தது. மூன்று வருடமாக முழங்கால் உயரப் புல் தலையை ஆட்டிக்கொண்டு நிற்க, அதன் காலடியில் சாணத் தண்ணீர் நேராக ஓடையில் போய்க் கலந்துகொண்டிருந்தது. ஒரு புல்லின் வேர்கூட அதைத் தொடவில்லை.

வாய்க்கால் ஓடையில் சேரும் இடத்தில் கற்கள் மேல் பச்சையாக வழுவழுப்பு படர்ந்திருந்தது. அதிலிருந்து இருபதடி கீழேதான் அவளுடைய பம்பு. கன்றுகளின் தொட்டிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் ஏறுகிறது.

ஒவ்வொரு மழைக்கும் கன்றுகளுக்குக் கழிச்சல். மூன்று முறை பால்பவுடர் மாற்றியாயிற்று. பவுடர் விற்பவரிடம் போய் சண்டை போட்டு, கலப்படம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இந்த வருடம் இரண்டு கன்றுகள் செத்தன. இப்போது அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது.

"எங்க லைன்ல இப்படி ஒரு தண்ணி ஓடியிருந்தா ரெண்டு கடிதம் வந்திருக்கும்," என்றார் மாமனார். "பாதைக்கு அடியில தண்ணி நுழைஞ்சா விடவே கூடாது. மேல எல்லாம் அழகாத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு வண்டியோட உள்ள போயிடும்."

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. வெட்டியது தப்பு. வெட்டியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. திட்ட ஆள் எதிரிலேயே நிற்கிறார், திட்டவும் வழியில்லை. இப்படி ஒரு கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

"நீங்க போய்க் காபி குடிங்க மாமா," என்றாள்.

அன்று மத்தியானம் பால் அறையில் உட்கார்ந்து அனுப்ப வேண்டிய பதினாலு எண்களை எழுதிப் பார்த்தாள். நாலுக்கு மேல் போகவில்லை. நாலாவதாக எழுதிய சும்மா கத்தி, அவள் எழுதும்போதே வெளியே கத்தியது. அதை அடித்தாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அது வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாலும், வந்தது வந்ததுதான். நாற்பது நாளில் புல் திரும்ப வளரும். வளர்ந்தால் வாய்க்காலை மூடிக்கொள்ளும். குச்சிக்காரரின் குச்சி புல்லின் உயரத்தை அளக்குமே தவிர, அடியில் குனிந்து பார்க்காது. பேசாமல் இருந்தால் நாற்பது மாடும் மிஞ்சும். வாய்க்காலை அடைக்கிறேன் என்று இறங்கினால், கரையைத் தோண்ட வேண்டும், மிதிக்க வேண்டும், இருக்கிற நாலு விரல் புல்லும் போகும்.

வெளியே கன்றுத் தொட்டியில் பம்பு தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவள் போய் அதை அணைத்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

*

அடுத்த பத்து நாளில் அவள் தூங்கிய நேரத்தைவிடக் குனிந்த நேரம் அதிகம். விரிசலுக்குக் காரை பூசினாள். மூலையில் வரப்பு போட்டு, மழைக்கு வழிகிற தண்ணீரை மேல் வயல் பக்கம் திருப்பினாள். ஓடைக்கு இறங்கும் தடத்தின் தலையில், தப்பி வரும் தண்ணீர் மண்ணுக்குள் ஊறிப்போக இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, தடத்தையும் அங்கங்கே மண் அடைத்து நிரப்பினாள். கன்றுகளுக்குக் கிணற்றுத் தண்ணீரை வாளியில் தூக்கினாள். தொழுவத்தை நேராகக் குழாயடித்துக் கழுவும் பழக்கத்தை விட்டு, முதலில் சாணத்தைத் தண்ணீர் விடாமல் மண்வெட்டியால் வழித்து எருக்குவியலில் சேர்த்துவிட்டு, மிச்சத்தை மட்டும் கழுவினாள். தண்ணீர் பாதியாகக் குறைந்தது. வேலை ஒரு கறவைக்கு முக்கால் மணி நேரம் கூடியது. முதுகு வலியை அளப்பதற்கும் யாராவது கோல் கண்டுபிடித்திருக்கலாம் என்று நினைத்தாள்.

குழிக்குள் ஜல்லி போடும் வேலை மாமனாருடையது. அதை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரிய கல் அடியில், சின்னது மேலே, கடப்பாரையால் குத்தி இறுக்கி, மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தார்.

"இதுமேல ரயிலே போகலாம்மா."

"தண்ணி போனா போதும் மாமா."

கணவன் இரண்டு நாள் விடுப்பில் வந்தான். அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மண் சுமந்துகொண்டு, இருவர் சொல்வதற்கும் தலையாட்டினான். மூன்றாம் நாள் லாரி ஏறும்போது அவன் முகத்தில் விடுதலை தெரிந்தது.

தடத்தின் மேல் புல்லை வேர்மண்ணோடு கரணை கரணையாக வெட்டிப் பதித்தாயிற்று. மழைதான் வரவில்லை. புல் நாலு விரலிலிருந்து ஆறு விரலானது. மாமனார் சாயங்கால நாற்காலியை வேலிக்கு அருகிலேயே கொண்டுபோய்விட்டார். பழைய ரயில்வே அளவுநாடாவை வைத்து தினமும் அளந்து, அவள் கேட்காமலே வந்து சொல்வார். "ஆறேகால்." மறுநாள், "ஆறேகால்தான்." அதற்கு மறுநாள் ஏதோ யோசனையாக இருந்தார்.

பதினைந்தாம் நாள் அவள் தொழுவத்திலிருந்து வெளியே வந்தபோது, எருக்குவியலில் ஒரு பள்ளம் தெரிந்தது. தள்ளுவண்டியின் சக்கரத் தடம் நேராகச் சரிவில் இறங்கியது. கண்ணால் அந்தத் தடத்தைத் தொடர்ந்து போனவள் பாதியிலேயே ஓடத் தொடங்கினாள்.

மாமனார் விட்ட நிலத்துக்குள், வேலியின் மூன்றாவது கம்பத்தருகில், எருவைப் பரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு வண்டி இறக்கியாயிற்று.

"மாமா." அவள் குரலே அவளுக்கு வேறு யாருடையதோபோலக் கேட்டது. "என்ன பண்றீங்க?"

"புல்லு ஏறவே மாட்டேங்குதும்மா. கொஞ்சம் எரு காட்டினா சடசடன்னு வந்துடும்னு பால் வண்டி டிரைவர் சொன்னாரு."

"இந்த நிலத்தை எதுக்கு விட்டிருக்கோம்?"

"அதிகாரி அளக்க."

"எரு ஓடைக்குப் போகாம இருக்க. எரு போகக் கூடாதுன்னுதான் இவ்வளவும். குழி வெட்டினது, கல்லு போட்டது, நான் ராப்பகலா வழிச்சுக் கொட்டறது, எல்லாமே. நீங்க அதைக் கையால அள்ளிட்டு வந்து கரையிலயே வைக்கிறீங்க."

அவர் கையிலிருந்த எருவைப் பார்த்தார். அந்தக் கணம்தான் முதல்முறையாக அவருக்குக் காரணம் முழுதாகச் சொல்லப்பட்டது என்பது அவளுக்கும் புரிந்தது. மூன்று வருடம், மூன்று வாக்கியத்துக்கு நேரம் கிடைக்கவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் தணிந்த குரலில்.

"சொல்லியிருக்கலாம்தான்."

அவரே எல்லாவற்றையும் திரும்ப அள்ளினார். விரலால் புல்லைக் கோதிக் கோதி எடுத்தார். இருட்டும்வரை ஆனது. ஆனாலும் மண்ணில் இறங்கியது இறங்கியதுதான். அடுத்த வாரம் மூன்றாவது கம்பத்தருகில் மட்டும், ஒரு கட்டில் அளவு இடத்தில், கரும்பச்சையாகப் புல் கிளம்பியது. மற்ற இடத்தில் ஒரு சாண் நிற்கும்போது அங்கே மட்டும் இரண்டு சாண். ஊர்க்கூட்டத்தில் ஒருவன் மட்டும் எழுந்து நின்று பேசுவதுபோல அது தனியாக நின்றது.

அவள் புல்வெட்டியைக் கிளப்பும் இழுகயிற்றைக் கழற்றி, மாட்டு மருந்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அவர் அதைப் பார்த்தார்.

*

நாற்பதாம் நாள், பதினோரு மணி. குச்சிக்காரர் சரிவில் இறங்கினார். இடையில் இரண்டு மழை மட்டும் பெய்திருந்தது. அவள் விடியற்காலையிலேயே தன் முழங்காலை வைத்து அளந்து பார்த்திருந்தாள். நாலு விரல் குறைந்தது. குனிந்து நின்றால் குறையவில்லை. ஆனால் அதிகாரி குனிந்து நின்று அளப்பாரென்று எதிர்பார்க்க முடியாது.

அவர் வேலிக்குள் நுழைந்து சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் முதலில் பட்டது மூன்றாவது கம்பம்தான். யார் கண்ணிலும் அதுதான் படும். நேராக அங்கே போய்க் கோலை நட்டார். கறுப்புக் கோடு புல்லுக்குள் முங்கிப்போனது. அவர் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையேம்மா. சொன்ன மாதிரி கொண்டுவந்துட்டீங்க." மணியைப் பார்த்தார். "இன்னிக்கு இன்னும் மூணு பண்ணை இருக்கு. இங்கேயே பக்கத்துல பக்கத்துல பத்து எடுத்துடறேன்."

அந்தக் கரும்பச்சைக் கட்டிலுக்குள்ளேயே கோல் ஒன்று, இரண்டு, மூன்று என்று நடப்பட்டது. மேலே தொழுவத்தில் மாடுகள் சங்கிலியை இழுக்கும் ஓசை கேட்டது. பத்து நாள் முதுகு ஒடிய வெட்டிய குழி பத்தடி தள்ளிக் கிடக்கிறது, அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. எது செய்யக் கூடாதோ அதுதான் தேறுகிறது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். மகாராணி, கோணக்கொம்பு, தாழ்ப்பாள் திறப்பாள். நாலாவது அளவு எழுதப்பட்டது. இன்னும் ஆறு.

"சார்," என்றார் மாமனார்.

"சொல்லுங்க பெரியவரே."

"இந்த இடம் சரியில்ல சார். இது எரு போட்டு வளர்ந்தது."

குச்சிக்காரர் நிமிர்ந்தார்.

"நான்தான் போட்டேன். ரெண்டு வண்டி. போடக் கூடாதுன்னு தெரியாது. தெரிஞ்சதும் எடுத்துட்டேன், ஆனா மண்ணுல இருக்கு. மருமகளுக்கு இதுல சம்பந்தம் இல்ல." இரு கையையும் பக்கவாட்டில் ஒட்டி வைத்து நேராக நின்றார். "மேலதிகாரிக்கு எதிர்ல பாதையை மறைச்சு நான் பழக்கப்பட்டதில்ல சார்."

அவளுக்கு அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஓடையில் கவிழ்க்கலாம்போல இருந்தது. அதே நேரம், நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதும் தெரிந்தது. இரண்டும் ஒரே மனிதரால் எப்படி முடிகிறது என்பதுதான் விளங்கவில்லை.

அதிகாரி நாலு அளவையும் அடித்தார். பெருமூச்சு விட்டார். அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. கரை நெடுக நடந்து மறுபடி பத்து இடத்தில் அளந்தார். "நாலு விரல் குறையுது. மூணு. நாலு. நாலு."

"சார், எப்படியும் தேறல. ஒண்ணு காட்டறேன், பார்த்துட்டுப் போங்க," என்றாள் அவள்.

தடம் இருந்த இடத்தில் புல்லை இரு கையாலும் விலக்கிக் காட்டினாள். பதித்த கரணைகளின் தையல் இன்னும் தெரிந்தது. குழியைக் காட்டினாள். விரிசல் இருந்த மூலையைக் காட்டினாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா? இதை யாரும் கேட்கலையே."

"மூணு வருஷமா இங்க ஒரு வாய்க்கால் ஓடியிருக்கு சார். புல்லு முழங்காலுக்கு மேல நின்னுச்சு, அடியில சாணத் தண்ணி நேரா ஓடைக்குப் போச்சு. எனக்கே தெரியாது. இவரு மொட்டையடிச்சதாலதான் தெரிஞ்சது. அன்னிக்கு மட்டும் புல்லு இருந்திருந்தா நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருப்பீங்க."

குச்சிக்காரர் கோலை மடக்கினார், மறுபடி நீட்டினார். இதுவரை எத்தனை பண்ணைக்கு அந்தக் கோலை நட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ. பிறகு ஓடையில் இறங்கி, வழுவழுப்பு படர்ந்திருந்த கற்களை ஷூ முனையால் தேய்த்துப் பார்த்தார். காய்ந்து, வெளிறி, உரிந்துவந்தது.

"இதுக்குக் கட்டம் இல்லம்மா," என்றார் மேலேறி வந்து.

"தெரியும் சார்."

அவர் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் வரைய ஆரம்பித்தார். முற்றம், மூலை, குழி, தடம். நிறைய நேரம் எடுத்தது. ஜல்லி எத்தனை அடுக்கு என்று கேட்டார். மாமனார் சொன்னார், கேட்டதற்கு மேலேயும் சொன்னார். கடைசியில் அதிகாரி முன்பக்கம் திருப்பி எழுதிவிட்டு நீட்டினார்.

"உயரம் பத்தல. ஆனா கழிவு நின்னிருக்குன்னு நேர்ல பார்த்ததா எழுதியிருக்கேன். இதை மேல அனுப்பி இன்னொரு அவகாசம் கேட்கிறேன், முப்பது நாள் குடுப்பாங்க. அதுவரைக்கும் எந்த மாடும் போக வேண்டாம். மழை சீசன் ஆரம்பிக்குதுல்ல, வந்துடும்." வேலியைத் தாண்டும்போது நின்றார். "இனிமே நான் போற இடத்துல எல்லாம் புல்லை விலக்கிப் பார்க்கணும்போல. ஒரு பண்ணைக்கு ஒரு மணி நேரம் ஆகும்." அதை அவர் சொன்ன விதத்தில் நன்றி எதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் கணவன் போன் செய்தான்.

"என்னாச்சு? தேறிச்சா?"

"முப்பது நாள்."

"அப்படின்னா தேறிச்சா, தேறலையா?"

"முப்பது நாள்னு சொன்னேன்ல."

"அப்பா ஏதாவது பண்ணாரா?"

"உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு. லாரியைப் பார்த்து ஓட்டுங்க," என்று வைத்தாள்.

கறவை நேரம். மாடுகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. அவள் வாசலில் நின்று எண்ணினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பதாவதாகச் சும்மா கத்தி கத்திக்கொண்டே நுழைந்தது.

பின்கதவில் மாமனாரின் தலை தெரிந்தது. கையில் நாற்காலி.

"ஏம்மா, வேலிக்கு வெளிப்பக்கம், ஓரமா ஒரு முழம் மட்டும்..."

"மாமா."

"வெளிப்பக்கம்தான் சொன்னேன். உள்ள இல்ல."

"மாமா."

"சரி, சரி. சும்மா கேட்டேன்."

அவர் சரிவில் இறங்கிப் போனார். வழக்கமான இடத்தில் நாற்காலியைப் போட்டார், உட்கார்ந்தார். புல் காற்றில் அவர் கண்முன்னால் இஷ்டத்துக்கு ஆடியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.